ஆயிரமா இரண்டாயிரமா? தகராறில் காணாமல் போனவர்கள்

தில்லியில் இரண்டு அமைச்சகங்களுக்குள் ஒரு தகராறு. வைப்பு நிதி ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை ஆயிரம் ரூபாயா, இரண்டாயிரமா? தொழிலாளர் அமைச்சகம் ‘இரண்டாயிரமாக்கணும், நிதி ஒதுக்குங்க’ என்று எழுதியது. நிதி அமைச்சகம் ‘முடியாது’ என்றது. ஒரே ஆட்சி, ஒரே மந்திரிசபை. ஒரு கை நீட்டுகிறது, இன்னொரு கை தட்டிவிடுகிறது. கடைசியில் ‘நாங்க கேட்டோம், அவங்க தரல’ என்று நாடாளுமன்றத்திலேயே பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

இது யார் அப்பன் வீட்டுப் பணம்? 1995 நவம்பர் 16-இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு முதலாளியின் வைப்பு நிதிப் பங்கிலிருந்து 8.33 சதவீதம் போகிறது. அரசு போடுவது வெறும் 1.16 சதவீதம். முதலாளி பங்கு என்பதும் தொழிலாளியின் வியர்வைதான். ஆக, இங்கே யாரும் பிச்சை கேட்கவில்லை.

2013-இல் பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு குறைந்தபட்சம் மூவாயிரம் கொடு என்றது. அவருடைய பாரதிய ஜனதா கட்சியே அடுத்த வருஷம் ஆட்சிக்கு வந்தது. 2014 செப்டம்பரில் கைக்கு வந்தது, முந்தைய ஆட்சி முடிவு செய்த ஆயிரம். 2018-இல் போட்ட குழு இரண்டாயிரம் என்றது. 2025 முடியும்போதும் அதே ஆயிரம்தான்.

சரி தோழர்களே, நாளைக்கே அது இரண்டாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருக் கூட்டுகிற நம் அம்மாவுக்கு, தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் கால் வெந்துபோன நம் சித்தப்பாவுக்கு, அதில் எத்தனை ரூபாய் வரும்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஏன்னா, பென்ஷன் வாங்க பத்து வருஷ சர்வீஸ் வேணும். முப்பது வருஷம் ஒரே வார்டில் குப்பை அள்ளியவருக்குக் காகிதத்தில் பத்து வருஷம் தேறாது.

எப்படித் தேறும்? ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் மாறுகிறான். வேலை அதேதான், சந்து அதேதான், துடைப்பமும் அதேதான். கணக்கு எண் மட்டும் புதுசு. எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்று வந்ததே 2014-இல்தான். அதற்கு முந்தின வருஷங்களைச் சேர்க்கணும்னா பழைய எண் வேணும், ஓடிப்போன காண்ட்ராக்டர் கையெழுத்து வேணும். இன்னொரு வகை இருக்கிறது: சம்பளத்தில் பி.எப். பிடிப்பான், கட்டவே மாட்டான்.

இது ஏதோ நிர்வாகக் கோளாறு என்று நம்புகிறவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். வைப்பு நிதிச் சட்டம் வந்தது 1952-இல், பாபு ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்த காலத்தில். முதலில் சேர்க்கப்பட்டவை ஆறு தொழில்கள்: சிமெண்ட், சிகரெட், பொறியியல், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி. தோல் இல்லை. துப்புரவு இல்லை. நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் இச்சட்டத்துக்குள் கொண்டுவந்த அறிவிப்பு வெளியானது 2011 ஜனவரியில். 59 வருஷம்! சாக்கடையில் இறங்க ஆள் தேடும்போது நேரா சேரிக்கு வழி தெரிந்தவர்களுக்கு, பென்ஷன் என்றதும் ‘நீ என் ஆளில்லை, காண்ட்ராக்டர் ஆளு’ என்று சொல்ல வாய் வருகிறது. இதற்குப் பெயர் நிர்வாகமா, சாதியா?

நாடாளுமன்ற உறுப்பினருக்கு இந்தப் பத்து வருஷ விதி உண்டா? கிடையாது. ஒரே ஒரு தடவை ஜெயித்தாலும் பென்ஷன் உண்டு. 2023 ஏப்ரல் முதல் கணக்கிட்டு மாதம் 31,000 ரூபாய். அந்தக் கோப்பை எந்த நிதி அமைச்சகமும் திருப்பி அனுப்பவில்லை.

தொழிற்சங்கத் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. ஓய்வூதியர்கள் 7,500 கேட்டுப் போராடுகிறார்கள். நியாயமான கோரிக்கை, நாமும் கூட நிற்போம். ஆனால் அது பென்ஷன் புத்தகம் இருப்பவரின் கோரிக்கை. புத்தகமே இல்லாதவரின் கோரிக்கை உங்கள் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? ‘வர்க்க ஒற்றுமை’ என்று சொல்லி எத்தனை காலம் எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பீர்கள்?

நாம் கேட்பது மூன்று. ஒன்று, காண்ட்ராக்டர் எத்தனை பேர் மாறினாலும் ஒரே வார்டில், ஒரே ஷாப்பில் செய்த வேலை தொடர் பணிதான் என்று கணக்கிடு. இரண்டு, யார் பெயரில் எவ்வளவு கட்டப்பட்டது என்பதை மாதாமாதம் நகராட்சி வாசலில் தமிழில் எழுதி ஒட்டு. மூன்று, கட்டாமல் விட்டதால் பறிபோன பென்ஷனுக்கு முதன்மை முதலாளியே இழப்பீடு கொடு. காண்ட்ராக்ட் ஆளின் பி.எப்.-க்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்று 1952-ஆம் வருஷத் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நாம் புதுசாக எதையும் கேட்கவில்லை.

மாணவத் தோழர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு தெருவில் உட்காருங்கள். யார், எந்த வருஷத்திலிருந்து, எந்த காண்ட்ராக்டரிடம், எவ்வளவு பிடித்தான் என்று எழுதுங்கள். அவர்களிடம் இல்லாத ரிஜிஸ்டரை நாம் எழுதுவோம். ஆயிரமா இரண்டாயிரமா என்று அவர்கள் அடித்துக்கொள்ளட்டும். முதலில் நம் ஜனங்களின் பெயர் அந்தக் கணக்கில் ஏறட்டும்.