ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் ஒரு டி.வி.

"லாரிக்குள் எதற்கு டி.வி.? வண்டியை ஒழுங்காக ஓட்ட வேண்டியதுதானே!"

அமெரிக்காவின் நெடுந்தூர லாரிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. கேட்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் மாலையில் வீடு திரும்பி, கை கால் கழுவி, சோபாவில் சாய்ந்து ரிமோட்டைத் தேடுகிறவர்தான்! தனக்கு ஓய்வு என்றால் உரிமை, லாரிக்காரனுக்கு என்றால் ஆடம்பரம். இது என்ன நியாயம்?

முதலில் அந்த லாரியைப் புரிந்துகொள்ள வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதில் படுக்கை, துணி வைக்க அலமாரி, சில வண்டிகளில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ். இரண்டு மூன்று வாரங்கள் வீட்டுப் பக்கமே போகாத ஓட்டுநருக்கு அதுதான் படுக்கையறை, அதுதான் சாப்பாட்டு அறை, அதுதான் வரவேற்பறை.

அங்குள்ள சட்டப்படி, சரக்கு லாரி ஓட்டுபவர் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகே வேலையைத் தொடங்க முடியும். தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் இதை மின்னணுக் கருவியே பதிவு செய்கிறது. ஆக, அந்த 10 மணி நேரத்துக்கு வண்டி நகரக் கூடாது. ஊர் பேர் தெரியாத ஒரு லாரி நிறுத்தத்தில், நூறு லாரிகளுக்கு நடுவே அந்த மனிதர் என்ன செய்வார்? எட்டு மணி நேரம் தூங்கினாலும் மீதி இரண்டு மணி நேரம் இருக்கிறதே! பலருக்கு ஓடிய மைலுக்குத்தான் கூலி. நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. சம்பளமும் இல்லை, வீடும் இல்லை, டி.வி.யும் கூடாது என்றால் எப்படி?

"சரி, விபத்து நடந்தால்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. பகுதி 393, பிரிவு 88. டி.வி. ஓட்டுநர் இருக்கையின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஓட்டும்போது திரை அவர் கண்ணில் படக் கூடாது. இருக்கையை விட்டு எழாமல் அதை இயக்கவும் முடியக் கூடாது. அவ்வளவுதான். சட்டம் டி.வி.யைத் தடுக்கவில்லை, அதற்கு ஓர் இடம் சொல்லியிருக்கிறது.

ஆகவே இந்தக் கட்டுரையின் கோபம் இரண்டு தரப்பின் மீது.

முதல் தரப்பு, திரையைக் கொண்டுபோய் டேஷ்போர்டில் மாட்டுகிறவர்கள். "ஓட்டும்போது பார்க்க மாட்டேன், சத்தம் மட்டும்தான் கேட்பேன்" என்பார்கள். மணிக்கு 65 மைல் வேகத்தில் ஒரு விநாடிக்கு லாரி சுமார் 29 மீட்டர் ஓடும். ஐந்து விநாடி கண் திரையில் இருந்தால் 145 மீட்டர்! சரக்கோடு 36 டன் வரை எடையுள்ள வண்டி அத்தனை தூரம் குருடாகப் போகிறது. எதிரே வருபவர் என்ன பாவம் செய்தார்? டேஷ்போர்டில் திரை வைக்கும் ஒவ்வொருவரும், பின்னால் ஒழுங்காக வைத்திருக்கும் ஆயிரம் பேருக்குச் சேர்த்துக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்.

இரண்டாவது தரப்பு, "பேட்டரி காலியாகிவிடும்" என்று சொல்லி டி.வி.யே கூடாது என்கிற முதலாளிகள். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 22 அங்குல எல்.இ.டி. டி.வி. சுமார் 30 வாட் எடுக்கும். மூன்று மணி நேரம் பார்த்தால் 90 வாட்-மணி. 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர்-மணி. இந்த லாரிகள் பலவற்றில் 4 பேட்டரிகள் உண்டு, ஒவ்வொன்றும் சுமார் 100 ஆம்பியர்-மணி. அதில் பாதியை மட்டும் பயன்படுத்தலாம் என்று வைத்தாலும் 200. இருநூறில் ஏழரை! இதற்கா இத்தனை தடை? பேட்டரியை உறிஞ்சுவது மைக்ரோவேவும் மின்அடுப்பும். பழி மட்டும் டி.வி. மேல்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில.

அளவு: 19 முதல் 24 அங்குலம் போதும். படுக்கைக்கும் திரைக்கும் இடையே இருப்பதே நாலைந்து அடி.

மின்சாரம்: நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் டி.வி. நல்லது. இன்வெர்ட்டர் வழியாகப் போனால் கொஞ்சம் மின்சாரம் வீணாகும். ஆனால் என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தொடும் என்பதால், வாகனத்துக்கென்றே செய்த டி.வி.யா என்று பார்த்து வாங்க வேண்டும். (இந்தியாவின் கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். அங்கே இதை அப்படியே செருகினால் புகைதான் வரும்!) தனி வயர் இழுத்தால் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் கட்டாயம்.

மாட்டுவது: உள்சுவரின் மெல்லிய பலகையில் திருகினால் நாலு நாள் குலுக்கலில் பெயர்ந்துவிடும். பலகைக்குப் பின்னால் உள்ள சட்டத்தில் திருக வேண்டும். மடக்கும் கை உள்ள தாங்கி என்றால் பூட்டு இருக்க வேண்டும். புறப்படும் முன் பூட்டி, பட்டையால் கட்ட வேண்டும். திடீர் பிரேக்கில் கழன்று பறக்கும் டி.வி. நேராக ஓட்டுநரின் பின்தலைக்குத்தான் வரும்.

சேனல்: சாதாரண ஆன்டெனாவிலேயே உள்ளூர் சேனல்கள் இலவசமாக வரும். ஊர் மாறினால் சேனல்களை மறுபடி தேடவிட வேண்டும். இணையத்தில் பார்த்தால் டேட்டா கரையும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படுத்துக்கொண்டு விடிய விடியப் படம் பார்த்துவிட்டு, சிவந்த கண்ணோடு ஸ்டியரிங் பிடித்தால், டி.வி. பின்னால் இருந்தும் பயனில்லை. தானே அணையும் டைமர் பெரும்பாலான டி.வி.களில் இருக்கிறது. அதைப் போடுவதும் வேலையின் ஒரு பகுதிதான்.

கடையில் வாங்கும் ஆப்பிளும் சட்டையும் யாரோ ஒருவர் வீட்டை விட்டு வாரக்கணக்கில் ஓட்டி வந்தவை. அவர் வண்டியை நிறுத்தி, திரையை இழுத்துவிட்டு, தன் ஊர் அணி விளையாடும் ஆட்டத்தை ஒரு மணி நேரம் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? முன் இருக்கையில் அவர் ஓட்டுநர். அங்கே கண்டிப்பு வேண்டும். பின்னால் போய்ப் படுத்துவிட்டால் அவரும் வீட்டில் இருக்கும் ஒரு மனிதர்.

அடுத்தவர் வீட்டில் டி.வி. இருக்கலாமா என்று யாராவது கேட்பார்களா? யோசியுங்கள்!