மனை போடும் முன் பதிவேட்டைத் திற

எங்கள் பொங்கலூர்ப் பக்கம் தோட்டம் சைட்டாக மாறினால் காசு யாருக்குப் போகிறது என்று காலனியில் கேளுங்கள். பட்டா வைத்திருந்தவருக்கு! கேளிக்கைப் பூங்காவிலும் இதே கணக்குத்தான். டிஸ்னி 1960களில் தன் பெயரை மறைத்து புளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கர் வாங்கியது. அதில் ஒரு பகுதியில் 1990களில் செலிப்ரேஷன் என்று ஓர் ஊரையே கட்டி வீடு விற்றது. ராட்டினம் சுற்றச் சுற்ற மண் விலை ஏறும்.

2025 டிசம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தாயிற்று. இனி 'பூங்காவுக்கு மிக அருகில்' என்று சுற்றிலும் மனை போர்டு முளைக்கும். அது எந்த மாவட்டம் தெரியுமா? அங்கே ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலமின்மை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்துதான் பஞ்சமி நிலம் வந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் அல்லாதவருக்கு அதை விற்றால் செல்லாது. விற்றார்கள், வாங்கினார்கள், பட்டாவும் மாறியது. காரணைப் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் கொல்லப்பட்டார்கள்.

வேலை வரும் என்கிறார்கள். நுழைவுச்சீட்டு கிழிக்கிற வேலை நிலத்துக்கு ஈடா? மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் முன், அந்த சர்வே எண்ணின் பழைய 'அ' பதிவேட்டை ஊர் முன்னால் விரித்து வையுங்கள். பஞ்சமி என்று இருந்தால் அங்கே கல் நடக்கூடாது. உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு மற்றதைப் பேசலாம்.