எக்ஸ்பி ஏறுகிறது, பிள்ளை ஏறுகிறானா?



புத்தளம், கற்பிட்டிப் பக்கம் உம்மாமார் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "சேர், மகன் இரவு ஒரு மணி வரைக்கும் ஃபோன்தான்." பறித்தால் சண்டை, கொடுத்தால் படிப்பில்லை. நான் கேமுக்கு எதிரி இல்லை. ஆனால் அந்தக் கேம் பிள்ளைக்கு எதற்குக் கூலி கொடுக்கிறது என்று நாம் பார்க்க வேண்டும்.

ஃப்ரீ ஃபயர், பப்ஜி இரண்டிலும் ஆட்டம் முடிந்ததும் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி சேரும். தோற்றாலும் கொஞ்சம் சேரும். புள்ளி நிரம்பினால் லெவல் ஏறும். அடுத்த லெவலுக்கு இன்னும் கொஞ்சம்தான் என்று திரை காட்டும்போது எந்தப் பிள்ளை ஃபோனை வைப்பான்? அந்த லெவல் பெரும்பாலும் அளப்பது திறமையை அல்ல, உட்கார்ந்திருந்த நேரத்தை.

இந்தப் புள்ளி முறையைப் பரப்பியது 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு. வேறு வழிகளும் உண்டு. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் எக்ஸ்பி இல்லை, லெவலும் இல்லை. மீன் பிடித்தால் மீன்பிடித் திறன் கூடும், இரும்படித்தால் கொல்லன் திறன் கூடும். மொத்தத் திறனுக்கு 700 என்று ஓர் எல்லை வைத்தார்கள். அதனால் ஒருவனே எல்லாவற்றிலும் ராஜாவாக முடியாது. இது எங்கள் கடற்கரை நியாயம்தான். வலை பொத்திப் பொத்தித்தான் கை பழகும். வலை பொத்தியதற்காக யாருக்கும் நீச்சல் வராது.

2003இல் வந்த ஈவ் ஆன்லைன் இன்னொரு வழி. எந்தத் திறன் வேண்டும் என்று தெரிவு செய்துவிட்டுக் கணினியை அணைத்துப் படுக்கலாம், பயிற்சி தானாக ஓடும். கண் விழிக்கத் தேவையில்லை.

இவற்றிலும் குறை உண்டு. அல்டிமாவில் ஒரே செயலைக் கணினியைக் கொண்டே திரும்பத் திரும்பச் செய்ய வைத்துத் திறனை ஏற்றினார்கள். ஈவில் பிந்தி வந்தவன் முந்தியவனை எட்டுவது கஷ்டம். 2016இல் திறன் புள்ளியை வாங்கி விற்கவும் வழி திறந்தார்கள். எதை எண்ணினாலும் மனிதன் அதற்குக் குறுக்கு வழி தேடுவான். ஆனாலும் செய்ததில் மட்டும் முன்னேற்றம் தரும் முறையே நேர்மையானது என்பது என் கருத்து.

கேமை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "மகன் எத்தனை டியூஷன் போறார்?" என்று ஊரில் கேட்கிறோமே, அதுவும் எக்ஸ்பிதான். ஹிப்ழு மத்ரஸாவைப் பாருங்கள். எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்தாய் என்பது அங்கே கணக்கில்லை. பாடத்தை ஓதிக் காட்ட வேண்டும், பழைய பாடத்தையும் சேர்த்து.

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். ஆட்டத்தின் நடுவில் ஃபோனைப் பறிக்காதீர்கள். "இந்த ஆட்டம் முடிய வைக்க வேணும்" என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நில்லுங்கள். "எத்தனையாம் லெவல்?" என்று கேட்காமல், "நேற்று ஏலாதது இன்று என்ன ஏலும்?" என்று கேளுங்கள். கேமைப் பற்றியும் கேளுங்கள், பாடத்தைப் பற்றியும் கேளுங்கள். பின்னேரத்தில் ஒரு கேரம் போர்ட்டையும் எடுத்து வையுங்கள். அதில் லெவல் கிடையாது, விரல் பழகினால்தான் காய் விழும்.

உங்கள் வீட்டு அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். வஸ்ஸலாம்.