துணை அபேட்சகரின் யோக்கியதை

கவர்னர் பதவிக்கு நிற்பவரைத் துருவித் துருவி ஆராயும் மக்கள், அவரோடு ஒரே சீட்டில் நிற்கும் உதவிக் கவர்னர் அபேட்சகரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. "அவர் துணைக்குத்தானே!" என்பர். என்னே பேதைமை!

அன்பர்களே, அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தை நோக்குங்கள். 1986-இல் ஜனநாயகக் கட்சியின் உட்தேர்தலில், லாரூஷ் என்பாரின் விபரீதக் கொள்கையினர் ஒருவர் உதவிக் கவர்னர் அபேட்சகராய் வென்றார். அவரோடு நிற்க மனமொப்பாத கவர்னர் அபேட்சகர் ஸ்டீவன்சன், கட்சிச் சீட்டைத் துறந்து, புதுக்கட்சியின் பெயரால் நின்று தோற்றார்.

2009-இல் கவர்னர் பிளகோயெவிச் பதவி நீக்கப்பட்டார். அன்றே உதவிக் கவர்னர் க்வின் கவர்னரானார். துணைப் பதவியின் கனம் இதனினும் தெளிவாக விளங்க வேண்டுமா? ஆயினும் மறு ஆண்டே அக்கட்சியினர் அடகுக்கடைக்காரர் ஒருவரை அப்பதவிக்குத் தேர்ந்தனர். பழைய குற்றச்சாட்டுகள் வெளிவரவே, ஒரு வாரத்துக்குள் அவர் விலகினார். அடகுத் தொழில் இழுக்கன்று. ஆராயாது ஓட்டளித்ததே இழுக்கு.

2014 முதல் அங்கே இருவரும் உட்தேர்தலிலேயே ஒன்றாக நிற்கின்றனர். இனி, தகுதியற்ற துணையோடு வருபவர் தம் அறிவின் குறையையே காட்டுகிறார். ஒருவரை ஏற்று மற்றவரைத் தள்ள ஓட்டருக்கு வழியில்லை.

தோட்டத்தில் பெரிய கிராணி நோயுற்றால் செக்ரோல் சின்னக் கிராணியின் கைக்கு வரும். அவர் கணக்கறியாதவராயின், பேர் விழாமல் போவது யாருக்கு? பாடுபட்ட தொழிலாளிக்கே!

ஆதலின் துணைவரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று, கடமை. கேட்க வேண்டுவது ஒன்றே: நாளையே கவர்னராக நேர்ந்தால், இவர் ஆள வல்லரா?