காரின் நெற்றிக்கண்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சாலையில் ஒரு விபத்து நடந்துவிட்டால் அந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வது எது? ஆம்புலன்சா? போலீசா? தீர்ப்புதான் முதலில் வந்து சேருகிறது, நண்பர்களே! ஓடிவந்து கூடியவர்கள் அனைவரும் நீதிபதிகள். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மோதினால் மோட்டார் சைக்கிள்காரன் குற்றவாளி. மோட்டார் சைக்கிளும் காரும் மோதினால் கார்க்காரன் குற்றவாளி. காரும் லாரியும் மோதினால் லாரிக்காரன் ஓடி ஒளிய வேண்டியதுதான். இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. ஆயினும் ஸ்டியரிங் பிடித்தவர்களுள் இதை அறியாதார் எவருமில்லை.

என் தந்தையார் இதைப் பட்டே அறிந்தவர். இன்னொருவரின் காரை மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவர் அவர். மடுகரையிலிருந்து நெட்டப்பாக்கம், ஏம்பலம் வழியாக வில்லியனூருக்கும் புதுவைக்கும் கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி என்று இருபது வருடமாய் ஓடிக்கொண்டிருக்கிறார். 2023 மார்கழியில் ஓர் இரவு. பின்விளக்கோ சிவப்புப் பட்டையோ இல்லாமல் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ஒன்றை முந்த முயன்ற ஓர் இளைஞர், எதிரே வந்த அப்பாவின் காரில் மோட்டார் சைக்கிளோடு மோதி விழுந்தார். கால் முறிந்தது. டிராக்டர் நிற்கவில்லை. கூட்டம் கூடியது. ஒருவர் அப்பாவின் சட்டையைப் பிடித்தார்.

"காமிரா இருக்குதுய்யா! கார்டை எடுத்துப் பாருங்க" என்று அப்பா கத்தினாராம். ஆம், காரின் முன்கண்ணாடியில் முதலாளி வாங்கி ஒட்டிய டேஷ்கேம் இருந்தது. அதன் சின்ன விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. கூட்டத்தில் ஒரு பையன் மெமரி கார்டைக் கழற்றித் தன் செல்போனில் போட்டுப் பார்த்தான். அதில் கடைசியாய்ப் பதிவாகியிருந்தது நான்கு மாதத்துக்கு முந்தைய ஓர் ஆவணிக் கல்யாணச் சவாரி! "அழிச்சிட்டான்டா" என்றார் ஒருவர். அதற்குப் பிறகுதான் அடி விழுந்தது.

பஞ்சாயத்துப் பேசி இருபதாயிரம் ரூபாய் என்று முடிந்தது. முதலாளி கொடுத்தார், அப்பாவின் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரமாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பத்து மாதத்துக்குள்தான் நான் பிளஸ் டூ முடித்து இக்கல்லூரியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வருடத்துப் பணத்தை அம்மா எப்படிப் புரட்டினாள் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

காமிரா வாங்குவது வேறு, சாட்சி வைத்திருப்பது வேறு. இதுவே நான் சொல்ல வந்தது. எரியும் விளக்கைப் பார்த்து ஏமாந்த குடும்பத்திலிருந்து இதைச் சொல்லுகிறேன்.

இந்தக் கருவியின் பெருமையை உலகம் நன்கு அறியும். ருஷ்யாவில் வேண்டுமென்றே காரின்மேல் வந்து விழுந்து நஷ்டஈடு கேட்போரின் தொல்லை தாளாமல் ஏராளமானோர் இதை மாட்டிக்கொண்டனர். 2013 பிப்ரவரி 15 காலையில் செல்யாபின்ஸ்க் நகரின்மீது ஏறத்தாழ இருபது மீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று வானிலேயே வெடித்து, ஜன்னல்கள் நொறுங்கி, ஆயிரத்து ஐந்நூறு பேர் வரை காயமுற்றார்கள். அந்தக் கல் எந்தத் திசையிலிருந்து, எந்த வேகத்தில் வந்தது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டபோது கைகொடுத்தவற்றுள் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களின் டேஷ்கேம் படங்களும் அடக்கம். தென்கொரியாவில் விமானத்துக்குச் சொல்வதுபோலவே இதையும் கருப்புப் பெட்டி என்றழைக்கின்றனர். விண்கல்லுக்கே சாட்சி சொன்ன கருவி, எங்கள் ஊர்க் கரும்பு டிராக்டருக்குச் சாட்சி சொல்லவில்லையே! ஏன்?

விடுமுறையில் அந்தக் காமிராவை நானே கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ("பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கார் வேலை?" என்று எதிர்வீட்டு ஆயா கேட்டார். இயற்பியல் என்று சொன்னேன். அது என்ன படிப்பு என்று அடுத்த கேள்வி வந்தது.) கோளாறு இரண்டு நாளில் பிடிபட்டது. டேஷ்கேம் ஓயாமல் படம்பிடிக்கும்; கார்டு நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். வண்டி எதன்மீதாவது இடித்தால், உள்ளே இருக்கும் அதிர்வு உணரி அந்த நிமிடத்துப் படத்தை மட்டும் அழியாதபடி பூட்டிவைக்கும். மிக நல்ல ஏற்பாடு! ஆனால் இதைச் செய்தவர் எங்கள் சாலையில் வந்தவரல்லர். உணரியின் கூர்மை உச்சத்தில் வைக்கப்பட்டிருந்ததால் ஒவ்வொரு வேகத்தடையும் ஒவ்வொரு பள்ளமும் அதற்கு ஒரு விபத்து. பூட்டிய படங்களே கார்டை அடைத்துக்கொண்டன. எழுத இடமின்றிக் காமிரா எழுதுவதை நிறுத்திற்று. விளக்கு மட்டும் எரிந்தது. வேகத்தடைகளை எல்லாம் பத்திரமாகக் காத்து வைத்துவிட்டு விபத்தைக் கோட்டைவிட்டது.

ஆகவே முதல் வேலை, அந்த உணரியைக் கடைசி நிலைக்கு இறக்குவது. இரண்டாவது, மாதம் இருமுறையேனும் வேண்டிய படத்தைத் தனியே நகலெடுத்துக்கொண்டு, கார்டைக் காமிராவுக்குள்ளேயே வைத்து பார்மட் செய்வது. மூன்றாவது, கார்டையே மாற்றுவது. பாட்டுக் கேட்கிற கார்டும் இதுவும் ஒன்றல்ல. வினாடிக்குப் பதினைந்து மெகாபிட் என்று எழுதினால் மணிக்கு ஆறே முக்கால் ஜிகாபைட். 64 ஜிகாபைட் கார்டு ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் நிறைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். தினந்தோறும் இப்படி எழுதி அழித்தால் சாதாரணக் கார்டு சீக்கிரமே தேய்ந்துபோகிறது. ஓயாப் பதிவைத் தாங்குவதற்கென்றே செய்த கார்டு விற்கிறது. கொஞ்சம் விலை கூட. அதில் மிச்சம் பிடிப்பவர் குடைக்குத் துணி வாங்காதவர்.

மாட்டும் இடமும் முக்கியம். பின்நோக்குக் கண்ணாடிக்குப் பின்னால், இடப்புறமாக, ஓட்டுபவரின் பார்வையை மறைக்காமல், வைப்பர் துடைக்கும் எல்லைக்குள் ஒட்ட வேண்டும். வைப்பருக்கு எட்டாத மூலையில் ஒட்டினால் ஐப்பசி மழையில் அது குருடு. ஒட்டுமுன் கண்ணாடியை நன்கு துடைத்துக் காயவிட வேண்டும். வயரைக் கூரை ஓரத்துத் துணிக்குள் செருகி இறக்கும்போது, பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியானால் அதன் குறுக்கே போகாமல் பின்னால் போக வேண்டும். தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுவதே அறிவு. சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் பியூசில் இணைத்தால் பாட்டரி இறங்காது. நிறுத்திய வண்டியையும் காவல் காக்க வேண்டுமென்றால், மின்னழுத்தம் குறைந்ததும் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்புப் பெட்டி தேவை. இல்லையேல் விடியற்காலைச் சவாரிக்கு வண்டியைத் தள்ளத்தான் வேண்டும்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும். லித்தியம் பாட்டரி வைத்த காமிரா அந்தச் சூட்டில் உப்பிப் போகும். பாட்டரிக்குப் பதில் பெரிய மின்தேக்கி வைத்தவை தாங்குகின்றன. எங்கள் பக்கத்துக்கு அவையே ஏற்றவை. இன்னொன்று, இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயுதபூஜை அன்று கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் பூசுகிறோமே, எங்கள் முதலாளி சரியாகக் காமிராவின் கண்ணுக்கு நேரே பூசியிருந்தார். பதினைந்து நாள் படம் முழுவதும் செக்கர் வானம்!

கடிகாரத்தை மறக்கலாகாது. சில காமிராக்கள் மின்சாரம் அற்றுப்போனால் தேதியை எங்கோ பழைய வருடத்துக்குக் கொண்டுபோய்விடும். நேரம் தவறிய சாட்சியை எந்த வக்கீலும் இரண்டே கேள்வியில் மடக்கிவிடுவார். ஜி.பி.எஸ். உள்ள காமிராவானால் இடமும் படத்திலேயே பதியும். இது எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எல்லை இன்றும் எங்கள் வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. ஒரு வளைவில் புதுச்சேரி, மறு வளைவில் தமிழ்நாடு. விபத்து எந்த ஸ்டேஷனைச் சேர்ந்தது என்பதற்கே அரைநாள் வாதம் நடக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை ஏற்றுப் பதியச் சொல்கிறது. சட்டம் சொல்கிறது, படத்தில் இடமும் எழுதியிருந்தால் பேச்சு இன்னும் சுருங்கும்.

அதே நாளில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, படத்தின் நகலை ஆதாரமாகத் தந்தால் உரிய சான்றிதழும் உடன் தர வேண்டும். பழைய சட்டத்தின்கீழும் அது கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆகவே விபத்து நடந்ததும் செய்ய வேண்டியது கார்டைக் கழற்றி அப்படியே பத்திரப்படுத்துவது. வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்புவதால் பயனில்லை; அது படத்தைச் சுருக்கிவிடும், நாளும் நேரமும் கெடும்.

காமிராவும் எல்லாவற்றையும் பார்த்துவிடாது. வினாடிக்கு முப்பது படம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே வண்டி 55 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இரவில் எதிர்வண்டியின் நம்பர் பெரும்பாலும் கலங்கித்தான் தெரியும். அகலக் கண்ணாடி என்பதால் பக்கத்தில் இருப்பதும் தள்ளி இருப்பதுபோல் காட்டும். பின்னால் வருவது அதற்குத் தெரியவே தெரியாது.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை. டிரைவர் தூங்குகிறானா, பீடி பிடிக்கிறானா என்று பார்க்க உள்நோக்கும் காமிரா வாங்குகிறீர்கள். அதில் காட்டும் அக்கறையில் பாதியை, வெளியே பார்க்கும் காமிராவின் கார்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பதில் காட்டலாகாதா? விபத்தன்று அடி வாங்குபவன் டிரைவர். வழக்கில் முதலில் பெயர் எழுதப்படுபவனும் அவனே. அந்தப் படத்தின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை அவனுக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒலிப்பதிவையும் நிறுத்திவிடுங்கள். ஜிப்மருக்கு நோயாளியை அழைத்துப் போகிறவர்கள் காருக்குள் அழுவதைப் பதிந்து வைக்க நமக்கு என்ன பாத்தியதை?

இவ்வளவையும் எழுதிவிட்டு, எழுத வேண்டாம் என்று நினைத்ததையும் எழுத வேண்டியிருக்கிறது. அப்பாவின் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

2025 ஆவணியில் ஒரு மாலை, நெட்டப்பாக்கத்துக்கு அருகே சைக்கிளில் புல்கட்டு ஏற்றிவந்த பெரியவர் ஒருவர் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அப்பாதான் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். "நான்தாம்பா தடுமாறிட்டேன்" என்று பெரியவரே சொன்னார். கூட்டமும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அன்றிரவு வழக்கம்போல் கார்டைப் பார்த்தேன். பள்ளத்துக்கு ஒதுங்கிய கார் இடப்புறம் நெருங்குகிறது, புல்கட்டு படத்தின் ஓரத்தில் பெரிதாகிறது, ஓர் அதிர்வு, பிறகு புல்கட்டு இல்லை. பக்கக் கண்ணாடி இடித்திருக்கிறது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். சிவபெருமானிடமே குற்றம் கண்ட நக்கீரரைப் பள்ளியில் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன். பெற்ற தகப்பனிடம் அதைச் செய்ய நேரும்போது நாக்கு எழுவதில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் படம் பூட்டப்பட்டிருக்கவும் இல்லை. உணரியைக் கடைசி நிலைக்கு இறக்கியவள் நானே அல்லவா? அதை அழிக்க யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மறுநாள் வழக்கம்போல் வண்டி ஓட்டினால் போதும். ஒன்பது மணி நேரத்தில் அது தானே போய்விடும்.

"வேற கார்டு இருக்குதா பாப்பா?" என்று கேட்டார் அப்பா.

உதவித்தொகையில் வாங்கி வைத்திருந்த ஒன்றைக் கொடுத்தேன். மறுநாள் முதலாளியிடம் சொன்னபோது, அந்த ஆளே ஒப்புக்கொண்ட பிறகு உனக்கென்ன என்றாராம். அப்பா பெரியவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கட்டு பிரிக்கும்வரை ஆறு வாரம், சவாரி இல்லாத காலை நேரங்களில் அவருடைய மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டார். பழைய கார்டு ஒரு தீப்பெட்டிக்குள், எங்கள் ரேஷன் அட்டையோடு அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் தேதியை அப்பாவே எழுதியிருக்கிறார்.