அக்னாலெட்ஜ்மென்ட் பக்கத்தில் இடமில்லாதவர்கள்

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருக்கோம். லிட்டரேச்சர் சர்வே போன வருஷ சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்து மெதுவா நகருது. ரிசல்ட்ஸ் சாப்டருக்கு இன்னும் ரிசல்ட்டே வரலை. ஆனா முழுசா முடிஞ்ச பக்கம் எதுன்னு கேட்டா எல்லா டீமும் ஒரே பதில்தான் சொல்வீங்க: அக்னாலெட்ஜ்மென்ட். ஏன்னா அதுக்கு டெம்ப்ளேட் இருக்கு. சேர்மன், பிரின்சிபால், ஹெச்ஓடி, கைடு, லேப் அசிஸ்டென்ட், பெற்றோர், நண்பர்கள். பேரை மட்டும் மாத்தினா போதும்.

அதை டைப் பண்ணும்போது ஒரு விஷயம் உறைச்சுது. நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நேரில் பேசாத ஒருத்தருக்கு முதல் பாராவிலேயே நன்றி சொல்றேன். அதில் தப்பில்லை, உட்கார்ந்து படிச்ச கட்டடம் அவர் கட்டினது. ஆனா நேரில் பார்க்காத இன்னொருத்தருக்கு நான் நிஜமாவே கடமைப்பட்டிருக்கேன். அவங்களுக்கு அந்தப் பக்கத்தில் இடம் இல்லை. காரணம், அவங்களை நான் சந்திச்சது பப்ஜிக்குள்ள.

சிரிப்பு வருதா? சிரிச்சுட்டு மேல படிங்க.

எங்க ஊர் ஆம்பூர். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைன்ல வேலை. 2020 மார்ச்சில் லாக்டவுன் போட்டப்போ நான் பத்தாவது. பப்ளிக் எக்ஸாம் தள்ளித் தள்ளிப் போய் ஜூன்ல ரத்தே ஆயிடுச்சு. கம்பெனியை மூடினாங்க, திறந்தப்புறமும் எல்லா நாளும் வேலை இல்லை. காலையில் கம்பெனி பஸ் வர்ற சத்தமே இல்லாத ஆம்பூரை நான் அப்பதான் முதல் தடவை பார்த்தேன். ஆன்லைன் கிளாஸுக்காக அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு போன் வாங்கினாங்க. பகல்ல எனக்கும் தம்பிக்கும் கிளாஸ். ராத்திரி பப்ஜி.

விளையாடாதவங்களுக்கு ரெண்டு வரி. நூறு பேர் பாராசூட்ல ஒரு தீவில் குதிப்பாங்க. கடைசி வரை உயிரோட இருக்கிற டீம் ஜெயிக்கும். நாலு பேர் சேர்ந்தா ஒரு ஸ்குவாட். உங்களுக்கு அடிபட்டு விழுந்தா உடனே சாக மாட்டீங்க, தவழ்ந்துகிட்டு இருப்பீங்க. உங்க ஸ்குவாட்ல ஒருத்தர் பக்கத்தில் வந்து மண்டி போட்டு சுமார் பத்து செகண்டு இருந்தா நீங்க எழுந்துக்கலாம். அந்தப் பத்து செகண்டும் அவரால சுட முடியாது. யாராவது வந்தா அவரும் காலி.

நான் மைக்கை ஆன் பண்ணினதே இல்லை. பொண்ணு குரல்னு தெரிஞ்சா என்னென்ன கேட்கணும்னு அந்த கேம் விளையாடின பொண்ணுங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆரம்பத்தில் ரெண்டு தடவை பட்டதே போதும்னு ஊமையா விளையாடிக்கிட்டு இருந்தேன். ஒருநாள் முன்பின் தெரியாதவங்களோட ஸ்குவாட் அமைஞ்சுது. அதில் ஒரு பெண் குரல்: "ஆரும் தமிழ் ஆக்கள் இருக்கிறியளோ?" யாழ்ப்பாணத்துப் பக்கம். நான் சாட்ல ஆமான்னு அடிச்சேன். ஸ்குவாட்ல இருந்த ஒருத்தன் உடனே "மைக் ஆன் பண்ணு, மைக் ஆன் பண்ணு"ன்னு ஆரம்பிச்சான். அந்த அக்கா சொன்னாங்க: "அவ கதைக்க விரும்பேல்லை. விடுங்கோ."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவங்க ஒருநாளும் என்னை மைக் ஆன் பண்ணச் சொல்லலை. எனக்கு அந்த உலகத்தில் கிடைச்ச முதல் பரிசு அதுதான்.

அப்புறம் நிறையக் கிடைச்சுது. லெவல் 3 ஹெல்மெட் கிடைச்சா என் காலடியில் போட்டுட்டு அவங்க லெவல் 1 ஹெல்மெட்டோட ஓடுவாங்க. நான் விழுந்தா "பயப்பிடாத, நான் வாறன்"னு சொல்லிட்டு நிஜமாவே வருவாங்க. நான் இங்கிலீஷ் எழுத்தில் 'காட்டுக்குள்ள'ன்னு அடிச்சா அவங்க 'கட்டுக்குள்ள'ன்னு படிச்சு சிரிப்பாங்க. "தமிழை தமிழிலேயே எழுதிப் பழகு பிள்ளை"ம்பாங்க. எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்னா எனக்கு மார்க் வாங்க வேண்டிய ஒரு பேப்பர். 'கதைக்கிறது', 'பகிடி', 'ஓம்' இதெல்லாம் அவங்க வாயில் கேட்டப்புறம்தான் இந்த மொழி என் தெருவோட முடிஞ்சுடறது இல்லைன்னு புரிஞ்சுது. போன்ல தமிழ் கீபோர்டு இறக்கினது அந்த ஆகஸ்ட்லதான். இந்தக் கட்டுரையை டைப் பண்றதும் அதிலேயேதான்.

ஒருநாள் அம்மா கம்மலை அடகு வச்சுட்டு வந்தாங்க, ஸ்கூல் ஃபீஸுக்காக. வீட்டில் யாரும் யார்கிட்டயும் பேசலை. அன்னிக்கு ராத்திரி நான் முதல் தடவை மைக்கை ஆன் பண்ணினேன். பேச வரலை, அழுகைதான் வந்துது. அக்கா மேட்சை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. அரை மணி நேரம் லாபியில் எங்க ரெண்டு பேர் பொம்மையும் சும்மா நின்னுக்கிட்டு இருந்துச்சு. "அழுது முடி. அவசரம் இல்லை"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. வேற எதுவும் சொல்லலை.

அப்புறம் ஒருநாள் நானே கேட்டேன், "அக்கா, என் வாட்ஸ்அப் நம்பர் தரவா?" அவங்க சொன்ன பதில் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. "உன்ர நம்பரை இதுக்குள்ள ஆருக்கும் குடுக்காத. எனக்கும் குடுக்காத. நான் ஆரெண்டு உனக்கு என்ன தெரியும்?"

2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை பண்ணுச்சு, பப்ஜியும் அதில் ஒண்ணு. ஏற்கெனவே இறக்கி வச்சிருந்தவங்க இன்னும் கொஞ்ச நாள் ஓட்டினோம். அக்டோபர் 30 அன்னிக்கு இந்தியாவுக்கான சர்வீஸை கம்பெனி மொத்தமா நிறுத்திடுச்சு. இலங்கையில் தடை கிடையாது, அங்க கேம் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. அதனால எங்க ஸ்குவாட் சரியா பாக் ஜலசந்தியில் வெட்டுப்பட்டுது. என்கிட்ட நம்பர் இல்லை, நிஜப் பேரும் தெரியாது. ஐடி பேரை வச்சு பல நாள் தேடினேன், கிடைக்கலை. கடைசியா பேசின ராத்திரி "நாளைக்குப் பார்ப்பம்"னு சொல்லிட்டுப் போனாங்க. நான் "சரிக்கா"ன்னேன். நன்றின்னு சொல்லலை. சொல்லணும்னு தோணவே இல்லை.

2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தப்போ பழைய அக்கவுண்டிலிருந்து சாமான்களை மாத்திக்க வழி கொடுத்தாங்க. சட்டை, தொப்பி, துப்பாக்கி ஸ்கின், தம்பி வீட்டுக்குத் தெரியாம யூசி போட்டு வாங்கினது எல்லாம் பத்திரமா வந்து சேர்ந்துது. ஆனா அது இந்தியாவுக்கு மட்டுமான கேம். அக்கா வரலை.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நம்ம ஹாஸ்டல்ல ஒவ்வொரு ரூம்லயும் இப்படி ஒரு கதை இருக்கு. ஆனா அதைச் சொல்லும்போது எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கிறோம். "ஃப்ரெண்டுதான்... ஆன்லைன் ஃப்ரெண்டு"ன்னு, ஏதோ தள்ளுபடியில் வாங்கின சரக்கு மாதிரி. அந்தக் கூச்சத்தால நாம நன்றி சொல்ல மறக்கிறோம். என் பிரச்சினை அதுதான்.

எங்க அம்மா அப்போ கேட்டாங்க: "மூஞ்சி தெரியாதவ கூட இன்னாடி பேச்சு?" அன்னிக்கு எனக்குப் பதில் தெரியலை. பதில் அவங்ககிட்டேயே இருந்துச்சு. எங்க ஊர்ல தைக்கிற ஷூ ஐரோப்பாவுக்குப் போகுது. யார் போடப் போறாங்கன்னு லைன்ல இருக்கிற யாருக்கும் தெரியாது. ஒருதடவை தையல் ஒரு நூல் விலகினதுக்காக அம்மா ஒரு ஜோடியைப் பிரிச்சுத் திரும்பத் தைச்சதாச் சொன்னாங்க. சூப்பர்வைசர் பார்த்தாரான்னு கேட்டேன். "அவரு பார்க்கலை. போடறவங்களுக்குக் கால் கடிக்கும் இல்ல?" மூஞ்சி தெரியாத ஒருத்தர் கால் வலிக்கக் கூடாதுன்னு நினைக்கிற அம்மாவுக்கு, என் அக்காவைப் புரிய வைக்க அப்புறம் எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.

எங்க ஊர்லேர்ந்து வாணியம்பாடி வழியா ஹைவேயைப் பிடிச்சா கிருஷ்ணகிரி. அந்த மாவட்டத்தில் சிவலிங்கபுரம்னு ஒரு கிராமம். 2022 பிப்ரவரி 6-ஆம் தேதி அங்க தினேஷ், ஜனகநந்தினி கல்யாணம் நடந்துது. நியூஸ்ல பார்த்திருப்பீங்க. கொரோனா கட்டுப்பாடு இருந்ததால வரவேற்பை மெட்டாவெர்ஸ்ல, ஹாரி பாட்டர் பள்ளிக்கூடம் மாதிரி ஒரு செட்ல வச்சாங்க. அப்போ எல்லாரும் பேசினது அந்த செட்டைப் பத்தித்தான். என் மனசுல நின்னது வேற. பொண்ணோட அப்பா அதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அவர் உருவத்தையும் செஞ்சு, அந்த வரவேற்பில் நிக்க வச்சிருந்தாங்க. அது பொம்மைதான், அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனா அப்பா இல்லாத கல்யாணத்தில் அவருக்குன்னு ஒரு இடம் ஒதுக்கணும்னு ஒருத்தர் யோசிச்சாரு இல்ல, அந்த யோசனையைப் பொம்மைன்னு சொல்ல முடியுமா?

இன்னொரு கதை நார்வேயில். மேட்ஸ் ஸ்டீன்னு ஒரு பையன். தசைகள் கொஞ்சம் கொஞ்சமா செயலிழக்கிற டுஷேன் நோய். வீல்சேர்ல உட்கார்ந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடிக்கிட்டு இருந்தான். 2014-ல 25 வயசில் இறந்தப்போ, பையன் நண்பர்களே இல்லாம போயிட்டானேன்னு பெற்றோர் வருத்தப்பட்டாங்க. அவனோட வலைப்பதிவில் செய்தியைப் போட்டாங்க. அப்புறம் பல நாட்டிலிருந்தும் கடிதங்கள் வர ஆரம்பிச்சுது. நெதர்லாந்தில் ஒரு பொண்ணு, படிக்கலைன்னு அவ பெற்றோர் கம்ப்யூட்டரைப் பிடுங்கி வச்சப்போ, மேட்ஸ் அவங்களுக்கு அவளுக்காக ஒரு கடிதம் எழுதியிருக்கான். கேமில் கூட இருந்தவங்க அவன் இறுதிச்சடங்குக்கு நேர்லயே வந்தாங்க. 2024-ல அவன் வாழ்க்கை டாக்குமென்டரியா வந்துது. பார்க்கலைன்னா செமஸ்டர் லீவ்ல பாருங்க.

எனக்கு இதில் உறுத்தினது ஒண்ணுதான். அந்த நன்றி எல்லாம் வந்து சேர்ந்தப்போ மேட்ஸ் இல்லை.

சரி, உங்க மறுப்பும் எனக்குத் தெரியும். கேம் அடிமைத்தனம் இல்லையா? இருக்கு. பதினொண்ணாவதில் என் ஹாஃப் இயர்லி மார்க்கை இங்க எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஏமாத்துறவங்க இல்லையா? நிறைய. 'கிஃப்ட் அனுப்பறேன், ஓடிபி சொல்லு'ன்னு வர்றவனும் சிரிச்சுக்கிட்டேதான் வர்றான். அவனையும் அக்காவையும் பிரிச்சுப் பார்க்க எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதான்: கொடுத்துட்டு என்ன கேட்கிறாங்கன்னு பாருங்க. நம்பர், போட்டோ, காசு, ரகசியம்னு ஏதாவது கேட்டா, அது பரிசு இல்லை, தூண்டில். அக்கா என்கிட்ட எதையும் கேட்கலை. நானே கொடுக்க வந்ததையும் வேண்டாம்னுட்டாங்க.

என் ரூம்மேட் கேட்டா: "அது உண்மையிலேயே அக்காதானா? பேரே தெரியாதே?" நியாயமான கேள்வி. அவங்க சொன்ன ஊர், வயசு எதையும் நான் சரிபார்த்ததில்லை. ஆனா அரை மணி நேரம் ஒருத்தர் எனக்காக லாபியில் காத்திருந்தது நடந்த விஷயம். அந்த அரை மணி அவங்க வாழ்க்கையிலிருந்து போனது. அதுக்கு நன்றி சொல்ல ஆதார் கார்டு தேவையில்லை.

அதனால என் கருத்தை நேரா சொல்லிடறேன். கேம், டிஸ்கார்டு, எதுவா இருந்தாலும் சரி, நம்ம எல்லார் வளர்ச்சியிலும் இப்படி மூஞ்சி தெரியாதவங்க பங்கு இருக்கு. நன்றி சொல்ல நேரில் பார்க்கிற நாள் வரும்னு காத்திருக்காதீங்க. அந்த உலகத்தோட சுவிட்ச் உங்ககிட்டயும் இல்லை, அவங்ககிட்டயும் இல்லை. ஒரு கம்பெனி நஷ்டம்னு சர்வரை மூடலாம், ஒரு அரசு தடை போடலாம். எனக்கு நடந்துது. பாதுகாப்பா இருக்கிறதுக்கும் நன்றி சொல்றதுக்கும் சண்டை கிடையாது. நம்பர் கொடுக்காமலே, பேர் சொல்லாமலே, "அன்னிக்கு நீங்க செஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கு"ன்னு ஒரு வரி சொல்லலாம். என்ன செஞ்சாங்கன்னு குறிப்பிட்டுச் சொல்லுங்க. சும்மா 'தேங்க்ஸ்'னு போட்டா ஹெல்மெட்டுக்கா வேற எதுக்கான்னு அவங்களுக்குத் தெரியாது.

போன வாரம் எங்க ரிப்போர்ட்ல 'நண்பர்கள்'ங்கிற வரிக்குக் கீழ ஒரு வரி சேர்த்தேன். கைடு பார்த்துட்டு "யாரும்மா இது?"ன்னார். "யாழ்ப்பாணத்துல ஒரு அக்கா சார்." "சொந்தமா?" "ஆமா சார்." "சரி, அலைன்மென்ட் சரி பண்ணு"ன்னுட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டார்.

அந்த ரிப்போர்ட் டிபார்ட்மென்ட் லைப்ரரியில் தூசு படிஞ்சு கிடக்கும். அக்கா கைக்குப் போகாது. இந்த இதழாவது ஆன்லைன்ல இருக்கு, ஒரு நப்பாசைதான்.

உங்க ஆள் இன்னும் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்காங்க இல்ல? பச்சைப் புள்ளி எரியுதா பாருங்க. எரிஞ்சா, மேட்சை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.