வடைக்கு விலை ஏறுகிறது, மல்லாட்டைக்கு ஏன் ஏறவில்லை?

சென்னையில் 2025 செப்டம்பர் 1 முதல் டீ 12 ரூபாயிலிருந்து 15 ரூபாயாகவும், காபி 15 ரூபாயிலிருந்து 20 ரூபாயாகவும் உயர்ந்தது. அங்கிருந்து 69 கி.மீ. தொலைவில் இருக்கும் அரக்கோணம், மின்சார ரயிலால் தலைநகரோடு கட்டப்பட்ட ஊர். அங்கே ஏறும் விலை இங்கே வந்து சேர அதிக நாள் ஆகாது. டீயோடு கடித்துக்கொள்ளும் வடை, பஜ்ஜி, போண்டா நிலையும் இதுதான். விலை ஏற்றாத கடையில் வடை சிறுத்துவிடுகிறது.

அதே நேரத்தில் அரக்கோணம், நெமிலி, சோளிங்கர், திருத்தணி வட்டாரங்களில் மல்லாட்டை போட்டவரைக் கேட்டுப் பாருங்கள். மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு நிலக்கடலைக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். நாட்டிலேயே அதிகம் விளைவிக்கும் குஜராத்தில் 2024-25 பருவத்திலேயே சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போய், நாஃபெட் பெரிய அளவில் கொள்முதல் செய்ய வேண்டி வந்தது. தின்பண்டம் விலை ஏறுகிறது. தின்பண்டமாகக்கூடிய விளைபொருளுக்கு விலை இல்லை. இந்த முரண்பாடு ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், மலிவாகத் தின்னவும் வழி தெரியும், நல்ல விலைக்கு விற்கவும் வழி தெரியும்.

பஜ்ஜித் தட்டில் நம் ஊர்ப் பொருள் எவ்வளவு?

ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பெரும்பாலும் பாமாயில். இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் இருந்து கப்பலில் வருவது. கடலை மாவுக்கான கொண்டைக்கடலை மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கம் விளைகிறது. போதாதபோது ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அடுப்பெரிக்கும் எரிவாயுவில் பாதிக்கும் மேல் இறக்குமதி. வணிக சிலிண்டர் விலை மாதந்தோறும் முதல் தேதியில் மாறும். மெதுவடை என்றால் உளுந்து. நாம் இறக்குமதி செய்யும் உளுந்தில் பெரும்பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. ஆக, தட்டில் நம் ஊர்ப் பங்கு வாழைக்காயும் மிளகாயும்தான்.

அதனால்தான் எங்கோ நடப்பது இங்கே வாணலியில் தெரிகிறது. 2022-ல் உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைபட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. 2025-ல் அந்த நாடு டீசலில் 40 சதவீதம் பாமாயில் எரிபொருளைக் கலக்கத் தொடங்கியது. அங்கே லாரிக்கு ஊற்றும் எண்ணெயும் இங்கே வடை சுடும் எண்ணெயும் ஒரே பீப்பாயிலிருந்து வருகின்றன என்று சொன்னால் மிகையில்லை.

வரி ஏறினால் ஒருவருக்கு, இறங்கினால் இன்னொருவருக்கு

நம் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதி. எனவே இறக்குமதி வரிதான் விலையின் கடிவாளம். எண்ணெய் வித்து விவசாயிகளுக்கு விலை கிடைக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மொத்த வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எண்ணெய் விலை ஏறியது. விலைவாசியைக் குறைக்க 2025 மே இறுதியில் அது 16.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

பருப்பிலும் இதே கதை. கடலைப் பருப்புக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் மஞ்சள் பட்டாணி 2023 டிசம்பர் முதல் வரியில்லாமல் வந்தது. பயறு விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு 2025 நவம்பர் 1 முதல் 30 சதவீத வரி போடப்பட்டது.

இதை ‘நுகர்வோருக்கும் விவசாயிக்கும் உள்ள சண்டை’ என்று நகரத்தில் எழுதுவார்கள். கிராமத்தில் இரண்டு பேரும் ஒரே ஆள்தான். காலையில் மல்லாட்டை மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, மாலையில் பிள்ளைகளுக்குப் பொட்டலத்தில் பக்கோடா வாங்கிப்போவது நீங்கள்தானே? வரி குறைந்தால் மூட்டையில் இழக்கிறீர்கள். கூடினால் பொட்டலத்தில் இழக்கிறீர்கள். மூட்டையைப் பொட்டலமாக மாற்றும் வேலை உங்கள் கையில் இல்லாதவரை இந்த நிலை மாறாது.

ஜிஎஸ்டி குறைந்ததே, வடை குறைந்ததா?

2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் மிக்சர், காராபூந்தி போன்ற வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், பிஸ்கட்டுக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. பெரிய பாக்கெட்டில் விலை குறைந்தது. 5, 10 ரூபாய் பாக்கெட்டுகளில் பல நிறுவனங்கள் எடையைக் கொஞ்சம் கூட்டின. சிறு டீக்கடைகள் பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவுக்கு வெளியே இருப்பவை. அவர்கள் வடைக்கு வரி வாங்கியதும் இல்லை, குறைக்க வழியும் இல்லை. அவர்கள் வாங்கும் வணிக சிலிண்டருக்கு 18 சதவீத வரி அப்படியே நிற்கிறது. ஆகவே கடைக்காரர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவரும் அதே சுழலில் சிக்கியிருப்பவர்.

பாக்கெட் வாங்கும்போது ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 10 ரூபாய் பாக்கெட்டில் 25 கிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், கிலோ 400 ரூபாய். பாக்கெட்டின் பின்புறம் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சடித்திருப்பார்கள். அதை ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை வந்துவிடும்.

மலிவான தின்பண்டம் எது?

இப்போது நம் வயல் பொருளுக்கு அதே கணக்கு. 2025-26 ஆதரவு விலைப்படி ஒரு கிலோ உலர்ந்த மல்லாட்டைக் காய் ஏறத்தாழ 73 ரூபாய். உடைத்தால் 700 கிராம் அளவுக்குப் பருப்பு. அதாவது பருப்பு கிலோ 104 ரூபாய். ஒரு கைப்பிடி, 50 கிராம் என்றால் 5 ரூபாய் 20 காசு. அதில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. இரண்டு முட்டையில் இருக்கும் அளவு. கடையில் சில்லறையாக வாங்கினால் இதைவிடக் கூடும். ஆனால் சொந்த வயலில் விளைந்ததை வீட்டில் அவித்தால் இதுதான் அடக்கம்.

2025-26 பருவத்தில் பாசிப்பயறின் ஆதரவு விலை கிலோ 87 ரூபாய் 68 காசு. ஒருவருக்கு 30 கிராம் பயறு போதும். ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்கு மேல் வரும். அடக்கம் மூன்று ரூபாய்க்குள். அதே பருவத்தில் கேழ்வரகு கிலோ 48 ரூபாய் 86 காசு. 50 கிராம் மாவில் ஓர் அடை என்றால் தானியத்துக்கு இரண்டரை ரூபாய். கொள்ளு, காராமணிச் சுண்டல், வள்ளிக்கிழங்கு, தை மாதத்துப் பனங்கிழங்கு எல்லாம் இதே வகை. இவற்றில் ஒன்றைக் கவனியுங்கள்: எதற்குமே வாணலி நிறைய எண்ணெய் வேண்டாம். அவிப்பதும் வறுப்பதும்தான் வேலை. இறக்குமதி எண்ணெய் இல்லாத தின்பண்டத்தின் விலையை இந்தோனேசியா தீர்மானிக்க முடியாது.

பச்சைக் காயா, உலர்ந்த காயா?

வீட்டுக்குச் சிக்கனம் சரி, விற்பனைக்கு என்ன? பறித்தவுடன் மல்லாட்டைக் காயில் 45 சதவீதம் வரை ஈரம் இருக்கும். சேமிப்புக்கு ஏற்ற 8 சதவீத ஈரத்துக்குக் காய வைத்தால் ஒரு கிலோ பச்சைக் காய் சுமார் 600 கிராமாக வற்றும். ஆதரவு விலையில் அதன் மதிப்பு 44 ரூபாய். எனவே களத்து மேட்டிலேயே பச்சைக் காய்க்குக் கிலோ 44 ரூபாய்க்கு மேல் கிடைத்தால், காய வைக்கும் கூலியும் மழைப் பயமும் இல்லாமல் உங்களுக்கு லாபம். அதற்குக் கீழே கேட்டால், வெயில் இருக்கும்வரை காய வைப்பதே மேல்.

அவித்து விற்றால்? ஒரு கிலோ பச்சைக் காயை எட்டுப் பொட்டலமாக்கி, பொட்டலம் 10 ரூபாய்க்கு விற்றால் 80 ரூபாய். காயின் மதிப்பு 44 போக, 36 ரூபாய் விறகு, உப்பு, காகிதம், உழைப்புக்கு. வாங்குபவருக்குப் பொட்டலத்துக்கு 50 கிராமுக்குக் குறையாத பருப்பு கிடைக்கிறது. அவருக்கும் மலிவு, உங்களுக்கும் மூட்டை விலையைவிட அதிகம்.

ஆனால் ஏக்கர் முழுவதையும் இப்படி விற்றுவிட முடியாது. அவித்த காய் ஒரு நாள் தாங்கும், மறுநாள் பிசுபிசுக்கும். கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் குறைவு என்பதால், முற்றிய காயைப் பறிக்காமல் தள்ளிப்போட்டால் மழையில் மண்ணிலேயே முளைத்துவிடும். ஆகவே தள்ளிப்போட வேண்டியது பறிப்பை அல்ல, விதைப்பை. 20 சென்ட் நிலத்தை இரண்டாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் அவிப்பதற்கான காய் ஒரே நாளில் குவியாது. மீதி நிலம் வழக்கம்போல மூட்டைக்கு.

எங்கே விற்பது?

அரக்கோணத்தின் பலம் ரயில் நிலையம். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்த வழியாகத்தான் போனது. இன்றும் சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டுப் பாதைகள் இங்கே கூடுகின்றன. மாலையில் பசியோடு இறங்கும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அனுமதியின்றி ரயிலிலோ நடைமேடையிலோ கூவி விற்பது ரயில்வே சட்டம் 144-ம் பிரிவின்படி குற்றம். முறையான வழி, 2022-ல் ரயில்வே தொடங்கிய ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ திட்டம். உள்ளூர்ப் பொருளை விற்கச் சுயஉதவிக் குழுக்களும் கைவினைஞர்களும் இதில் கடை கேட்டு விண்ணப்பிக்கலாம். நிலையத்துக்கு வெளியே என்றால் நகராட்சியின் தெரு வியாபாரி அடையாள அட்டை வேண்டும்.

இன்னொரு வாய்ப்பு திருத்தணி. சித்திரையில் விதைத்த மல்லாட்டை ஆடியில் பறிப்புக்கு வருகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு பெருங்கூட்டம் மலைக்கு வருவதும் அப்போதுதான். விளைச்சலும் கூட்டமும் ஒரே மாதத்தில் சேர்வது எல்லா ஊருக்கும் அமையாது.

விற்கத் தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யுங்கள். 2025-ல் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த சிறு தயாரிப்பாளருக்குப் பதிவு போதுமானதாக இருந்தது; கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வறுப்பு இயந்திரம், தோல் உடைக்கும் இயந்திரம் வாங்க நினைக்கும் குழுக்களுக்குப் பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் 2025-26-ல் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் இருந்தது. திட்டக் காலம் 2025-26 நிதியாண்டுடன் முடிவதாக இருந்தது. பதப்படுத்தும் தொழில்நுட்பத்துக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், திருத்தணிப் பக்கத்தினர் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்.

இரண்டு எச்சரிக்கை

மலிவு என்பதற்காகச் சொத்தையைத் தின்னக் கூடாது. சரியாகக் காயாத மல்லாட்டையில் வளரும் பூஞ்சை, கல்லீரலைப் பாதிக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அவித்தாலும் வறுத்தாலும் அது முழுவதும் போகாது. பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுங்கள். அதை மாட்டுக்கும் போடாதீர்கள்; நஞ்சு பாலில் இறங்கும்.

அதேபோல் மலிவு வடைக்குப் பின்னால் பழைய எண்ணெய் இருக்கலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் விதி. கருத்து, நுரைத்து, புகையும் எண்ணெயில் சுட்டது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ரேஷன் கடைக்கு வெளியேயும் உள்ளேயும்

தமிழக ரேஷன் கடைகளில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு இது பெரிய உதவி. அதே மானியம் நிலக்கடலை, தேங்காய் எண்ணெய்க்கும் வேண்டும் என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். தேங்காய் எண்ணெய் 2025-ல் கேரளத்தில் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியதைப் பார்த்த அரசு தயங்கும்தான். முழுமையாக மாற்ற முடியாவிட்டாலும், மல்லாட்டை விளையும் மாவட்டங்களில் அறுவடை மாதங்களில் மட்டுமாவது, விலை ஆதரவு விலைக்குக் கீழே போகும்போது கொள்முதல் செய்து, சத்துணவு, அங்கன்வாடி மையங்களுக்கு அவித்த மல்லாட்டையாகவோ கடலை உருண்டையாகவோ கொடுக்கலாம். விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டத்தில் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

மார்கழிப் பட்ட விதைப்பு நெருங்கும்போது, கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் விதைக் கடலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள். எந்த ரகம், எத்தனை கிலோ விதை என்று கேட்கும்போதே, எத்தனை சென்ட் மூட்டைக்கு, எத்தனை சென்ட் பொட்டலத்துக்கு என்றும் முடிவு செய்யுங்கள். விரிவாக்கப் பணியாளர்களும் விதை, உரப் பரிந்துரையோடு இந்தக் கேள்வியையும் வயலுக்குக் கொண்டு போக வேண்டும். பங்குனி, சித்திரையில் காய் வரும்போது, வாங்க ஆளைத் தேடுவதைவிட இப்போதே தேடி வைப்பது எளிது.